எலும்பு கேட்பது முதல் இருபது அடியைத்தான்

கராத்தே, சிலம்பம், ஜூடோ எதுவானாலும் சரி, சேர்க்கை நோட்டீஸில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: உடல் வலுவாகும், எலும்பு உறுதியாகும். முதல் பாதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது பாதிதான் வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஜூடோ வீரர்களின் எலும்பை அளந்த ஆய்வுகளில் அடர்த்தி நன்றாகவே இருக்கிறது, நீச்சல்காரர்களையும் சைக்கிள் வீரர்களையும்விட அதிகமாக. ஆனால் அளக்கப்பட்டவர்கள் சின்ன வயதிலிருந்தே விழுந்து புரண்டு வளர்ந்தவர்கள். எலும்பு கெட்டியாக இருந்ததால்தான் அந்த ஆட்டத்தில் நிலைத்தார்களா, ஆடியதால் கெட்டியானதா என்பதை ஒருமுறை அளந்து பிரித்துச் சொல்லிவிட முடியாது. பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரைவார்த்து, கல்லூரியில் பஸ் நிறுத்தம்வரை மட்டும் நடந்து, இப்போது நாளுக்கு ஒன்பது மணி நேரம் மானிட்டர் முன்னால் உட்காரும் 24 வயதுக்காரர் புதிதாக வெள்ளை உடுப்பு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாரே, அவருக்கு அந்த வரி பொருந்துமா? வகுப்பு வழக்கமாக நடக்கும் விதத்தில் நடந்தால், முதல் ஆறு மாதத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பதுதான் என் கருத்து. ஆனால் இதைச் சரிசெய்ய வகுப்பில் சில நிமிடங்களை ஒதுக்கினாலே போதும்.

ஷோட்டோகான் கராத்தே வகுப்பில் வெள்ளை பெல்ட்டின் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் உடல் சூடேற்றல். பிறகு கிபா தாச்சி, அதாவது குதிரை நிலை. தொடை நடுங்கும்வரை தாழ்ந்து நின்றபடி, எண்ணிக்கைக்கு ஏற்ப காற்றில் குத்து. அப்புறம் முன்னும் பின்னும் நகர்ந்து தடுப்பு, உதை, மறுபடி குத்து. கடைசியில் கட்டா, அதாவது வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடர். ஹெய்யான் வரிசையில் உள்ள ஐந்து கட்டாக்களில் முழுதாகத் துள்ளிக் குதித்து இறங்கும் இடம் ஐந்தாவதான கோதானில்தான் வருகிறது. சேர்ந்தவர் அந்தக் கட்டாவை எட்ட ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். சிலம்பத்திலும் தொடக்க மாதங்கள் பெரும்பாலும் நின்ற இடத்தில் கம்பு சுற்றுவதிலேயே போகும். மணிக்கட்டும் தோளும் பழகும், வேர்த்துக் கொட்டும், மறுநாள் கை தூக்க முடியாது. தசைக்கு இதெல்லாம் நல்ல வேலை. தொடையெலும்பின் கழுத்துக்கும் இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் இதில் என்ன போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி.

எலும்புக்கு எது கேட்கும்

சுமைக்கு ஏற்றபடி எலும்பு தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-இல் எழுதினார். இந்த ஒரு வரி எல்லோருக்கும் தெரியும். எந்த மாதிரிச் சுமை என்பதற்கான விடை வர இன்னும் தொண்ணூறு வருடம் ஆயிற்று. 1984-இல் லான்யனும் ரூபினும் பறவைகளின் சிறகெலும்பைத் தனிப்படுத்தி, வெளியிலிருந்து சுமை கொடுத்துப் பார்த்தார்கள். சுமையை ஒரே அழுத்தமாக வைத்து அப்படியே விட்டபோது, சுமையே இல்லாத எலும்பைப் போலவே அதுவும் இளைத்தது. அதே சுமையை விட்டுவிட்டுக் கொடுத்தபோது எலும்பு வளர்ந்தது. இன்னொரு சோதனையில் எண்ணிக்கையை மாற்றினார்கள். நாளுக்கு 4 முறை சுமை கொடுத்தாலே இளைப்பு நின்றது. 36 முறை கொடுத்தபோது வளர்ச்சி உச்சத்தைத் தொட்டது. அதற்கு மேல் நூற்றுக்கணக்கில் ஏற்றியும் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1997-இல் ஜப்பானில் உமெமுரா குழுவினர் எலிகளைக் குதிக்க வைத்தார்கள். நாளுக்கு 5 குதிப்பிலேயே எலும்பு தடித்தது, உடைக்கத் தேவையான விசையும் கூடியது. எண்ணிக்கையைப் பல மடங்காக்கியபோது கிடைத்த கூடுதல் பலன் மிகச் சொற்பம்.

என் பார்வையில் இந்த விஷயத்தின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது. குதிரை நிலை என்பது நிலைத்த சுமை. தொடை எரிகிறது, மூச்சு வாங்குகிறது, ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தவரைப் பார்த்து வகுப்பே தலையாட்டுகிறது. எலும்பைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஐந்நூறு முறை காற்றில் குத்துவது ஆட்டம் நிறைந்த சுமைதான், ஆனால் சிறியது. அதிலும் இருபது இருபத்தைந்துக்கு மேல் எலும்பு அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ரயில் பாதை ஓரத்து வீட்டுக்காரருக்கு ரயில் சத்தம் எப்படிக் காதில் விழாமல் போகிறதோ, திரும்பத் திரும்ப வரும் ஒரே மாதிரிச் சுமை எலும்புக்கும் அப்படியே ஆகிவிடுகிறது. ஏறக்குறைய இருபது சுமைச் சுற்றுகளுக்குள் எலும்புச் செல்களின் உணர்திறனில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மீள்வதற்குச் சுமார் எட்டு மணி நேரம் ஆகும் என்று எலிகளில் ராப்ளிங், பர், டர்னர் ஆகியோர் செய்த சோதனைகள் காட்டின. 360 சுற்றுகளை ஒரே மூச்சில் கொடுத்ததைவிட, 90 வீதம் நான்கு தவணையாகக் கொடுத்தபோது எலும்பு அதிகம் சேர்ந்தது. ஒவ்வொரு சுமைக்கும் நடுவே பத்துப் பதினைந்து வினாடி இடைவெளி விட்டாலும் பலன் கூடுகிறது.

ஏன் இப்படி என்று பார்த்தால், எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட் செல்களுக்கு வந்து சேர்வோம். எலும்புச் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இவைதான். நுண்ணிய கால்வாய்களால் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருக்கும். கால்வாய்களில் திரவம் நிறைந்திருக்கும். எலும்பு சட்டென்று வளையும்போது திரவம் வேகமாக ஓடி இந்தச் செல்களை உரசுகிறது. உரசல் உணர்ந்த செல் ஸ்க்லெரோஸ்டின் என்ற புரதத்தைக் குறைக்கிறது. எலும்பு கட்டும் செல்களுக்குப் போட்டிருந்த தடை அது. மெதுவாக வளைந்தாலோ, வளைந்தபடியே நின்றாலோ திரவம் ஓடாது, சேதியும் போகாது. ஆகவே எலும்புக்கு வேண்டியது நான்கு: சுமை பெரிதாக இருக்க வேண்டும், சட்டென்று வர வேண்டும், வழக்கமில்லாத திசையிலிருந்து வர வேண்டும், கொஞ்சமாக வந்து ஓய்வு விட வேண்டும். நடக்கும்போது தரை நம் எடையைப் போல ஏறத்தாழ ஒரு மடங்கு விசையைத் திருப்பிக் கொடுக்கிறது. ஓடும்போது இரண்டு மூன்று மடங்கு. குதித்து இறங்கும்போது மூன்றிலிருந்து ஐந்து மடங்கு. கைக்கடிகாரம் சொல்லும் பத்தாயிரம் அடி இதயத்துக்கு நல்லது. நடக்க முடிகிற 24 வயது இடுப்பெலும்புக்கு அது பழகிய சத்தம்.

இருபதுகளின் கணக்கு

வாழ்நாளில் சேரும் எலும்பில் சுமார் 90 சதவீதம் இருபது வயதை ஒட்டிச் சேர்ந்துவிடுகிறது. இடுப்பு முந்திக்கொள்ளும்; முதுகெலும்பு இருபதுகளின் நடுப்பகுதிவரையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். டென்னிஸ் வீராங்கனைகளின் ஆடும் கையையும் ஆடாத கையையும் 1995-இல் ஃபின்லாந்தில் ஒப்பிட்டார்கள். பூப்பெய்துவதற்கு முன்பே ஆடத் தொடங்கியவர்களிடம் இரு கைகளுக்கும் இருந்த வித்தியாசம், பின்னால் தொடங்கியவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் எனக்கு வண்டி போய்விட்டது’ என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அந்த முடிவு தவறு. பின்னால் தொடங்கியவர்களின் கையிலும் வித்தியாசம் இருந்தது.

வயது வந்தவர்களிடம் செய்த சோதனைகளும் இருக்கின்றன. இங்கிலாந்தில் பாஸி குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நிற்காத பெண்கள் நாளுக்கு 50 குதிப்பு, வாரத்துக்கு 6 நாள் என்று குதித்தார்கள். சராசரி உயரம் வெறும் எட்டரை சென்டிமீட்டர். ஐந்து மாதத்தில் தொடையெலும்பின் மேற்பகுதியில் அடர்த்தி 2.8 சதவீதம் கூடியது. மாதவிடாய் நின்ற பெண்கள் அதே குதிப்பைக் குதித்தும் பலன் தெரியவில்லை. வயது எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 2015-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 25 முதல் 50 வயதுவரையுள்ள பெண்கள் காலையில் 10 அல்லது 20, மாலையில் அதே அளவு, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிட ஓய்வு என்று 16 வாரம் குதித்தார்கள். குதிக்காதவர்களுக்கு இடுப்பு அடர்த்தி சற்று இறங்கியது. குதித்தவர்களுக்கு இறங்கவில்லை, லேசாக ஏறியது. அடர்த்தி குறைந்த ஆண்களிடமும் ஒரு வருடக் குதிப்புப் பயிற்சி முதுகெலும்பை ஏற்றிக் காட்டியிருக்கிறது.

இரண்டு மூன்று சதவீதம்தானா என்று முகம் சுளிக்க வேண்டாம். எலும்பு குழாய் வடிவம். புதிய எலும்பு வெளிப்பரப்பில் சேரும்போது ஆரம் கூடுகிறது. குழாயின் வளைவு தாங்கும் திறன் ஆரத்தின் நான்காம் அடுக்கை ஒட்டி ஏறும். அதனால் அளவில் சிறியதாகத் தெரியும் சேர்க்கை வலுவில் பெரியதாக இருக்கலாம். இளவயதில் சுமைக்கு ஏற்ப எலும்பு சேர்க்கும் இடமும் பெரும்பாலும் வெளிப்பரப்புதான்.

வகுப்புக்குள் எங்கே செருகுவது

தனியாக ஜிம், தனியாக அட்டவணை எதுவும் வேண்டாம். சூடேற்றல் முடிந்ததும் முதல் வேலையாகக் குதிப்பை வையுங்கள். கடைசியில் வைத்தால் இரண்டு கேடு. அதற்குள் எலும்பின் உணர்திறன் வேறு அசைவுகளில் செலவாகியிருக்கும். அதைவிட முக்கியம், தசை களைத்திருக்கும். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது தசைதான். களைத்த தசை விட்டுக்கொடுக்கும்போது எலும்பின் மேல் தவறான இடத்தில் சுமை விழும்.

முதல் இரண்டு வாரம் குதிப்பே கிடையாது. குதிகால் தூக்கி இறக்கல் 15 வீதம் மூன்று தவணை, பஸ்கி 10 வீதம் மூன்று தவணை, ஒற்றைக்காலில் அரை நிமிடம் நிற்பது. வருடக்கணக்காக உட்கார்ந்த காலில் குதிகால் தசைநாரும் பாத வளைவும்தான் முதலில் முறையிடும், எலும்பு அல்ல. மூன்றாவது வாரம் ஒரு விரற்கடை உயரத்துக்கு இரண்டு காலாலும் துள்ளல், பத்து. ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து எண்ணும்வரை சும்மா நிற்க வேண்டும். பொறுமை போகும். ஆனால் கயிறு தாண்டுவது போலத் தடதடவென்று முடித்தால் மூச்சுக்கு வேலை கிடைக்கும், எலும்புக்குக் குறைவாகவே கிடைக்கும். நான்காவது வாரம் பத்துப் பத்தாக இரண்டு தவணை. உயரத்தை எட்டு பத்து சென்டிமீட்டருக்குக் கொண்டுவரலாம்.

ஐந்திலிருந்து எட்டாவது வாரம்வரை எண்ணிக்கையைத் தொடவே கூடாது. உடம்பு கேட்கும், வாத்தியாரும் கேட்பார், கூட்டாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஒன்பதாவது வாரத்திலிருந்து எண்ணிக்கையை ஏற்றாமல் திசையை மாற்றுங்கள்: ஐந்து நேர்க்குதிப்பு, ஐந்து பக்கவாட்டில், ஐந்து தொண்ணூறு பாகை திரும்பி இறங்குவது, ஐந்து முன்காலில் பாய்ந்து நிற்பது. இதற்கு அந்தந்தக் கலையிலேயே அசைவு இருக்கிறது. கராத்தேக்காரர் கோதானின் குதிப்பை மட்டும் தனியாக எடுத்துச் செய்யலாம். அந்தக் கட்டா வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிலம்பக்காரர் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் காலடியை மட்டும் துள்ளி மாற்றலாம், திரும்பிக் குதிக்கலாம். காலடி வரிசைகளில் வரும் பக்கத் துள்ளலும் பின் துள்ளலும் நடையிலும் ஓட்டத்திலும் கிடைக்காத திசைகள். எலும்புக்கு அவை புதுச் சேதி. வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு நாள் போதும். வகுப்பு காலையில் என்றால் மாலையில் வீட்டில் இன்னொரு பத்து. நடுவே எட்டு மணி நேரம் இருக்கட்டும்.

இறங்கும் விதம் முக்கியம். முன்பாதம் முதலில், உடனே குதிகால், முழங்கால் கொஞ்சம் மடங்கி, கால்விரல் பார்க்கும் திசையிலேயே முழங்காலும் பார்க்க வேண்டும். முழங்கால்கள் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று நெருங்கினால் உயரத்தைக் குறையுங்கள். மூட்டின் சிலுவைத் தசைநார் அறுவது அப்படித்தான். பூனை மாதிரிச் சத்தமே இல்லாமல் ஆழமாக மடங்கி இறங்குவது முட்டிக்கு இதம், எலும்புக்கு அதனால் குறைந்த பலன். முட்டியைப் பூட்டிக்கொண்டு தொம்மென்று விழுவது ஆபத்து. இரண்டுக்கும் நடுவே, காலடிச் சத்தம் கேட்கிற மாதிரி, ஆனால் உடம்பு குலுங்காத மாதிரி. தரை கெட்டித்த மண்ணாகவோ மரப்பலகையாகவோ மெல்லிய ஜூடோ பாயாகவோ இருக்கலாம். தடித்த ஸ்பாஞ்சுப் பாயில் குதித்தால் அதிர்வைப் பாய் தின்றுவிடும். வெறும் காலோடு சிமென்ட் தரையில் குதித்தால் குதிகால் பஞ்சு நொந்துபோகும். சிலம்பம் ஆடும் மண் களம் இதற்கென்றே செய்தது போல இருக்கிறது.

உடல் எடை அதிகம் உள்ளவர்கள் உயரத்தைக் குறைத்தே வைக்க வேண்டும், எடையே சுமையைக் கூட்டிவிடும். லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர்கள், மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்கள், மாதவிலக்கு மூன்று மாதமாக வராத பெண்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே குதிக்க வேண்டும்.

கைகளுக்கு வேறு வழி. மணிக்கட்டுக்கு மேலே ஆரை எலும்பு முடியும் இடம் கீழே விழும்போது அதிகம் முறிகிற இடங்களில் ஒன்று. காற்றில் குத்துவது அதற்கு ஒன்றுமே செய்வதில்லை. சுவரிலிருந்து ஒரு கை தூரம் நின்று, முன்னால் சாய்ந்து உள்ளங்கையால் சட்டென்று தாங்கித் தள்ளி நிமிர்வது பத்து முறை. இரண்டு மாதத்துக்குப் பிறகு மேசை உயரம், அப்புறம் முட்டி போட்டுத் தண்டால். சிலம்பத்தில் கம்போடு கம்பு மோதும் பயிற்சி முன்கையைச் சிறிய அளவில் சட்டென்று அதிர வைக்கிறது. பத்துப் பத்து மோதல், இரண்டு பக்கமும். கம்பை விடாமல் இறுக்கிப் பிடித்தால் அதிர்ச்சி முழங்கைத் தசைநாருக்குப் போய் வலிக்கத் தொடங்கும். மோதும் கணத்தில் மட்டும் இறுக்கி, உடனே தளர்த்த வேண்டும்.

விழக் கற்றுக்கொள்வது

1882-இல் கானோ ஜிகோரோ தோக்கியோவில் ஜூடோவைத் தொடங்கியபோது எறிவதற்கு முன்னால் விழுவதைக் கற்பித்தார். உக்கெமி என்று பெயர். எலும்பு விஷயத்தில் மற்றக் கலைகளைவிட ஜூடோ ஒரு படி மேலே நிற்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். விழுதல் இடுப்புக்கும் முதுகுக்கும் தோளுக்கும் கைக்கும் ஒரே நேரத்தில் சட்டென்று அதிர்ச்சி தருகிறது. கூடவே, வாழ்க்கை முழுதும் பயன்படும் வித்தையாகவும் இருக்கிறது. பக்கவாட்டில் விழும்போது உருண்டு விழும் தற்காப்பு உத்தி, இடுப்பில் படும் விசையைக் கால் பங்குக்கு மேல் குறைக்கிறது என்று நெதர்லாந்தில் அளந்திருக்கிறார்கள். எலும்பு எவ்வளவு கெட்டி என்பதில் முறிவு பாதிதான் அடங்கியிருக்கிறது; எப்படி விழுகிறோம் என்பது மறுபாதி.

படி இப்படி: படுத்த நிலையில் கையால் பாயைத் தட்டுவது, உட்கார்ந்து பின்னால் சாய்வது, குந்தி விழுவது, கடைசியில் நின்று விழுவது. முதல் மாதம் குந்தலுக்கு மேலே போக வேண்டாம். ஒரு வகுப்பில் பக்கத்துக்கு எட்டுப் பத்து விழுதல் போதும். முகவாய் நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும், பார்வை பெல்ட் முடிச்சில். பார்வை கூரைக்குப் போனால் பின்மண்டை பாயில் அடிக்கும். கை உடம்போடு முப்பது நாற்பது பாகைக் கோணத்தில், உள்ளங்கையும் முன்கையும் ஒன்றாகப் படும்படி தட்ட வேண்டும். தோள் உயரத்துக்குக் கை விரிந்தால் தோள் மூட்டில் இழுப்பு விழும்.

தொடக்கக்காரர் செய்யும் மோசமான பிழை, பின்னால் கையை ஊன்றி உடம்பைத் தாங்கப் பார்ப்பது. இளைஞர்களுக்கு இதில் முறிவது ஸ்கேஃபாய்ட் என்ற சின்ன மணிக்கட்டு எலும்பு. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு; கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய்விடும். வீக்கம் அதிகம் இருக்காது, ‘சுளுக்கு’ என்று எண்ணெய் தடவுவார்கள். பெருவிரலை விரித்தால் அதன் அடியில் மணிக்கட்டருகே ஒரு குழி தெரியும். விழுந்த பிறகு அந்தக் குழியை அழுத்தி வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம்; அப்போதும் கட்டுப் போட்டு, இரண்டு வாரத்தில் மறுபடி பார்ப்பதே வழக்கம்.

ஐந்தாவது வாரத்து அவசரம்

மேலே பாக்கி வைத்த காரணம் இது. புதிய சுமைக்குத் தசை நான்கைந்து வாரத்தில் பழகிவிடும். வலி போய்விடும், உற்சாகம் வரும், வாரம் மூன்று வகுப்பு ஆறாகும். எலும்பு வேறு கணக்கில் ஓடுகிறது. புதுப்பிக்க வேண்டிய இடத்தில் முதலில் பழைய எலும்பைச் சுரண்டி எடுக்கும் வேலை நடக்கும். அதற்கு இரண்டு மூன்று வாரம். அதை நிரப்பிக் கட்ட மூன்று நான்கு மாதம். தாது முழுதாக இறுக அதற்கும் மேல். ஆகவே ஒருவருக்கு உடம்பு மிகவும் தயாராக இருப்பதாகத் தோன்றும் அதே வாரங்களில் அவர் கீழ்க்கால் எலும்பில் சில இடங்கள் தற்காலிகமாக வழக்கத்தைவிடப் பலவீனமாக இருக்கும். ராணுவத்தில் இதைப் பழங்காலத்திலேயே கண்டார்கள். 1855-இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் அணிவகுத்து நடக்கும் வீரர்களின் பாத வீக்கத்தைப் பற்றி எழுதினார். அது சுமைமுறிவு, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையால் எலும்பில் விழும் கீறல் என்று எக்ஸ்ரே வந்த பிறகே புரிந்தது.

முன்காலில், அதாவது முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தில், வலி வந்தால் விரலால் தடவிப் பாருங்கள். எலும்பின் உள்ளோரம் நெடுக ஒரு சாண் நீளத்துக்கு வலித்து, சூடேறியதும் குறைந்தால் பெரும்பாலும் எலும்பு உறையின் அழற்சி. குதிப்பைப் பாதியாக்கி இரண்டு வாரம் பாருங்கள். ஒரு விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் குத்தி, ஆட ஆட வலி கூடி, இரவிலும் வலித்து, அந்தக் காலில் ஒற்றைத் துள்ளல் துள்ள முடியாமல் போனால் உடனே நிறுத்த வேண்டும். எக்ஸ்ரே முதல் இரண்டு மூன்று வாரம் சுத்தமாக இருக்கும். அதை நம்பி மறுபடி ஆடக் கூடாது, எம்.ஆர்.ஐ.தான் காட்டும்.

முன்காலைக் ‘கெட்டியாக்க’ பாட்டிலை உருட்டுவதும் கட்டையால் தட்டுவதும் சில இடங்களில் இன்னும் நடக்கிறது. அதில் மரத்துப்போவது எலும்பு உறையில் இருக்கும் நரம்பு. வலி குறைவதை வலு கூடியதாக எடுத்துக்கொள்கிறார்கள். எலும்பைக் கட்டுவது வளைவும் அதிர்வும், சிராய்ப்பு அல்ல. தாய்லாந்துக் குத்துச்சண்டைக்காரர்களின் முன்கால் கெட்டியாக இருக்கிறது என்றால், வருடக்கணக்காக கனமான பையை உதைத்ததும் சிறுவயதில் தொடங்கியதும் அதற்குக் காரணம். எட்டு மாத மாணவரை மரத்தில் உதைக்கச் சொல்லும் பயிற்சியாளரிடம் பணிவாக மறுத்துவிடுங்கள்.

போட்டிக்காக எடையைக் குறைப்பது இன்னொரு கேடு, இதைப் பற்றி வகுப்புகளில் பேசுவதே இல்லை. சாப்பாட்டை வெட்டும்போது உடம்பு முதலில் கைவைக்கும் செலவுகளில் எலும்பும் ஒன்று. பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது வெளியே தெரியும் அடையாளம். ஆண்களுக்கு அப்படி ஒன்றும் தெரியாது. எடைப்பிரிவுக்காகப் பட்டினி கிடந்தபடி குதிப்பது, கட்டடத்துக்குச் செங்கல் வராத நாளில் இடிக்கும் வேலையை மட்டும் நடத்துவதாகும்.

சாப்பாடு, வெயில், ஸ்கேன்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம். நூறு கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 கிடைக்கும். ஒரு டம்ளர் பாலில், 200 மில்லி என்றால், சுமார் 240. முருங்கைக்கீரை நூறு கிராமில் 300-க்கு மேல். ஒரு வேளை கேழ்வரகுக் களியோ அடையோ, இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர், ஒரு கீரை என்று போனால் மாத்திரை இல்லாமலே கணக்கு நெருங்கிவிடும். முள்ளோடு சாப்பிடும் நெத்திலிக் கருவாடு இதில் நல்ல கூட்டாளி. உப்பை மட்டும் கழுவிவிடுங்கள்.

காலை ஆறு மணி வகுப்பில் வெயில் படுவதால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. கிடைக்காது. தாழ்ந்த வெயிலில் அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் தரைக்கு வந்து சேர்வதில்லை. நம் ஊரில் காலை 11-இலிருந்து மதியம் 2 வரை உள்ள வெயில்தான் வேலை செய்யும். அந்த நேரத்தில் குளிரூட்டிய கட்டடத்துக்குள் இருப்பவர்கள் ரத்தத்தில் அளந்து பார்த்து, குறைவு என்றால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்வதே நேர்வழி.

அலுவலக முகாம்களில் குதிகாலை ஒரு கருவிக்குள் வைத்து ‘எலும்புத் தேய்மானம்’ என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அது ஒலி அலைச் சோதனை. அதை வைத்து 25 வயதுக்காரருக்கு நோய் முடிவு செய்யக் கூடாது. எலும்பு அடர்த்தியை எக்ஸ்ரேயால் அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தாலும் ஐம்பது வயதுக்குக் கீழே, இளம் வயதினரோடு ஒப்பிடும் டி-ஸ்கோரைப் பார்க்காதீர்கள், ஒத்த வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைப் பாருங்கள். இசட்-ஸ்கோர் மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழே போனால்தான் வயதுக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று பொருள். மூன்று மாதத்தில் மறுபடி எடுப்பது வீண் செலவு. இரண்டு மூன்று சதவீத மாற்றம் கருவியின் சொந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு வருடம் கழித்து, அதே மையத்தில், அதே கருவியில் எடுங்கள்.

வகுப்பை விட்டால் சேர்ந்த அடர்த்தியும் மெல்லக் கரையும். புராஜெக்ட் ரிலீஸ், பரீட்சை, ஊர்மாற்றம் என்று மாதக்கணக்கில் போக முடியாமல் போகும்போது முழுப் பயிற்சியையும் கைவிட வேண்டியதில்லை. அறையிலேயே காலையில் ஐந்து, மாலையில் ஐந்து, வாரத்துக்கு மூன்று நாள், திசை மாற்றி. மாடி வீடு என்றால் கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். திரும்ப வகுப்புக்குப் போகும் முதல் வாரத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்திருந்தால் மூன்றாவது வாரத்து அளவுக்கு இறங்கி, ஒரு விரற்கடைத் துள்ளலில் தொடங்குங்கள்.